டீச்சர், அப்பத்தா குரல் இருக்கா?



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் பண்ணினாள். 1998இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். இப்போது திருப்பூரில் இருக்கிறாள். "டீச்சர், எங்க அப்பத்தா பேசினத நம்ம ஊர்ப் பிள்ளைக ஒரு சின்னப் பெட்டியில பதிஞ்சு வச்சிருந்தாகளே, அது இருக்கா? வர்ற மாசம் அப்பத்தாவுக்குத் திதி வருது. ஒருதரம் கேக்கணும் போல இருக்கு" என்றாள். "பாத்துச் சொல்றேம்மா" என்று போனை வைத்துவிட்டேன். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. விடை எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

இதே கேள்வியை இதற்கு முன்பும் நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். பதில் மட்டும் வேண்டுமென்றால் இரண்டு வரியில் முடிந்துவிடும். ஆனால் அந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது, அதை ஏன் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியிருக்கிறது என்பதையும் சொல்லாமல் விட்டால் நான் செய்த தப்பின் அளவு உங்களுக்குப் புரியாது. மணி அடித்த பிறகும் பாடத்தை நிறுத்தாதவள் நான் என்று உங்களுக்குத் தெரியுமே. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பழைய கதை.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்தது 1982இல். அப்போது அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இராமநாதபுரம் மாவட்டம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்த காலம் அது. கணினி என்பதைப் படத்தில்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. 1984இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற பெயரில் பள்ளிகளில் கணினி அறிமுகத் திட்டத்தைத் தொடங்கியது. கல்வி அமைச்சகம், மின்னணுத் துறை, என்.சி.இ.ஆர்.டி. மூன்றும் சேர்ந்து நடத்தியது. முதல் கட்டமாக நாடு முழுக்க 250 பள்ளிகள் அளவில் எடுத்தார்கள். அதற்காக இங்கிலாந்திலிருந்து வந்த கணினியின் பெயர் பிபிசி மைக்ரோ. கேம்பிரிட்ஜ் நகரில் அக்கார்ன் என்ற நிறுவனம் செய்தது. பிபிசி தொலைக்காட்சி அந்நாட்டு மக்களுக்குக் கணினி சொல்லிக்கொடுக்க ஒரு தொடர் நடத்தியது. அதற்கென்றே உருவாக்கிய பெட்டி.

வேலைக்கு வந்த புதிதில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போன பள்ளியில் அதைப் பார்த்தேன். செருப்பை வெளியே கழற்றச் சொன்னார்கள். அறையைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். தட்டச்சுப் பொறி மாதிரி ஒன்று, மேலே ஒரு சின்ன டிவி. தொடக்கூடாது. தூசி படும் என்று துணி போர்த்தி வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்துக் கரிசல் காட்டுத் தூசியைப் பார்த்திருந்தால் அந்த அறையின் பொறுப்பாளர் மயங்கி விழுந்திருப்பார்.

அதன் நினைவகம் 32 கிலோபைட். இன்று நீங்கள் போனில் படித்துக்கொண்டிருக்கிற இந்தப் பதிவை முழுதாக அதில் ஏற்ற முடியாது. ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு இன்றைய முறையில் மூன்று பைட் ஆகிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நான் சொல்ல வருவது வேறு விஷயம். அந்தப் பெட்டியின் இயங்குதளம், அதாவது விசைப்பலகை, திரை, நினைவகம் எல்லாவற்றையும் மேய்க்கிற அடிப்படை மென்பொருள், ஒரு சில்லுக்குள் பொறித்து வைக்கப்பட்டிருந்தது. அழிக்க முடியாது, மாற்றி எழுதவும் முடியாது. முதலில் வந்த பெட்டிகளில் 0.1 என்ற பதிப்பு இருந்தது. பிறகு 1.2 வந்தது. புதுப்பதிப்பு வேண்டுமென்றால் மூடியைத் திறந்து, பழைய சில்லைப் பிடுங்கிவிட்டுப் புதியதைச் செருக வேண்டும். கஷ்டம்தான். ஆனால் அதில் ஒரு வசதி இருந்தது: பிடுங்கிய சில்லு கையில் இருக்கும். புதியது சரிவரவில்லை என்றால் பழையதையே திரும்பச் செருகிவிடலாம். அந்த வசதியின் அருமை எனக்கு 37 வருடம் கழித்துத்தான் புரிந்தது.

அதே அக்கார்னில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் என்று இரண்டு பேர் புதிய வகைச் செயலி ஒன்றை வடிவமைத்தார்கள். குறைவான கட்டளைகள், குறைவான மின்சாரம். ஆர்ம் என்று பெயர். முதல் சில்லு 1985 ஏப்ரல் 26 அன்று வேலை செய்தது. அதைச் சோதித்தபோது மின்சாரம் எவ்வளவு எடுக்கிறது என்று பார்க்கக் கருவியை மாட்டினால் முள் அசையவே இல்லையாம். பிறகு பார்த்தால் மின்இணைப்பே கொடுக்கவில்லை; பக்கத்துச் சுற்றுகளிலிருந்து கசிந்த மின்சாரத்திலேயே சில்லு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஃபர்பர் பல இடங்களில் சொல்லியிருக்கிற கதை. அதற்கு ஒரு மாதம் முந்தித்தான் நாம் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்து காமராசர் மாவட்டம் ஆனோம். இன்று உங்கள் எல்லோர் கையிலும் இருக்கிற போனுக்குள் இருப்பது அந்த ஆர்ம் பரம்பரைதான்.

நம் நாட்டிலும் ஒரு முயற்சி நடந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சிலர் 1990களின் கடைசியில் சிம்ப்யூட்டர் என்று கையடக்கக் கணினி ஒன்றை வடிவமைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்த வேண்டும், கிராமத்துக்குப் போக வேண்டும் என்பது நோக்கம். அதிலும் ஆர்ம் வகைச் செயலிதான், இயங்குதளம் லினக்ஸ். உலகமே பாராட்டியது. நம் பக்கத்துக்கு வந்து சேரவில்லை. ஏன் வரவில்லை என்று இன்றைக்கும் வருத்தப்படுகிறவர்களில் நானும் ஒருத்தி.

பிறகு 2012. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்க வருகிற பிள்ளைகளுக்கு அடிப்படையே தெரியவில்லையே என்று எபன் அப்டன் என்பவரும் நண்பர்களும் சில வருடமாகவே கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக் கணினியைத் தொட்டால் அப்பா திட்டுவார். கெட்டுப்போனால் பரவாயில்லை என்று கொடுக்கிற மாதிரி மலிவான பெட்டி வேண்டும். அப்படிப் பிறந்தது ராஸ்பெர்ரி பை. 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. ஏடிஎம் அட்டை அளவு பலகை, விலை 35 டாலர். அதன் மாதிரிகளுக்கு ஏ, பி என்று பெயர் வைத்தது பிபிசி மைக்ரோவை நினைத்து. ஆக, அன்று துணி போர்த்தி வைத்திருந்த பெட்டியின் பேரப்பிள்ளை இது.

இதில் இயங்குதளம் சில்லுக்குள் இல்லை. போனில் போடுகிற மெமரி கார்டு இருக்கிறதே, நகத்தளவு, அதில்தான் எல்லாம். இயங்குதளமும் அதில், நாம் சேமிக்கிற கோப்பும் அதில். இந்த இடத்தைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இயங்குதளத்தின் தாய்வீடு டெபியன். 1993 ஆகஸ்ட் 16 அன்று இயன் முர்டாக் என்ற அமெரிக்க மாணவர் அறிவித்த திட்டம். தன் தோழி டெப்ரா பெயரையும் தன் பெயரையும் சேர்த்து டெபியன் என்று வைத்தார். எந்த முதலாளியும் கிடையாது. உலகம் முழுக்க ஆயிரம் பேர் அளவில் தன்னார்வலர்கள் ஆளுக்குச் சில மென்பொருள்களைப் பொறுப்பெடுத்துப் பராமரிக்கிறார்கள். முதல் ராஸ்பெர்ரி பை வந்தபோது ஒரு சிக்கல். டெபியனின் வேகமான ஆர்ம் பதிப்பு இன்னும் புதிய செயலிகளுக்கானது. இந்தப் பலகையில் இருந்தது பழைய செயலி. தசமக் கணக்குப் போட வசதி செயலியில் இருந்தும் பயன்படுத்த முடியவில்லை. மைக் தாம்ப்சன், பீட்டர் கிரீன் என்ற இருவர், யாரும் கேட்காமலே, 35,000க்கும் அதிகமான மென்பொருள் பொதிகளை இந்தச் செயலிக்கு ஏற்ப மறுபடி உருவாக்கி 2012 ஜூனில் முடித்தார்கள். ராஸ்பியன் என்று பெயர். 2020 மே மாதத்திலிருந்து அது ராஸ்பெர்ரி பை ஓஎஸ்.

இதைப் படித்தபோது எனக்கு நம் கம்மாய்தான் ஞாபகம் வந்தது. நம் பக்கம் குண்டாற்றில் எத்தனை நாள் தண்ணீர் பார்த்திருக்கிறோம்? மழை பெய்கிற சில நாளில் வருவதைத் தேக்கி வைக்கக் கம்மாய். கம்மாய்க்கு வரத்துக்கால், மடை, கலுங்கு. வருடா வருடம் ஊரே சேர்ந்து வண்டல் அள்ளி, கரையை உயர்த்தி, வரத்துக்காலில் முளைத்ததை வெட்டிப் போட்டால்தான் அடுத்த மழைக்குத் தண்ணீர் நிற்கும். குடிமராமத்து. அது தானாக நடந்துகொண்டிருந்தது. நடக்காமல் போகத் தொடங்கியதும் 1858இல் வெள்ளைக்கார அரசு கட்டாய உழைப்புச் சட்டம் போட்டுப் பார்த்தது. சட்டத்தால் வண்டல் அள்ள முடியுமா? 2017இல் தமிழக அரசு மறுபடி அந்தப் பெயரிலேயே திட்டம் கொண்டுவந்தது. என் அய்யா காலத்தில் முறை வைத்து ஆள் அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு ஒரு ஆள், மண்வெட்டியோடு. அள்ளிய கரம்பை மண் அவரவர் காட்டுக்கு.

"போன வருசம் தண்ணி நின்னுச்சே, இந்த வருசம் எதுக்கு?" என்று கேட்கிறவர் அப்போதும் உண்டு. கணினி விஷயத்தில் அப்படிக் கேட்டவர்களில் நம் மாநிலமே அடக்கம் என்பேன். சென்னையிலுள்ள சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாக வைத்து போஸ் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை 2007இல் வெளியிட்டது. தமிழ் உட்பட இந்திய மொழிகள் எல்லாம் அதில் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது வந்தவற்றில் விண்டோஸோடு போஸும் இருந்தது. அருமையான வாய்ப்பு. என்ன நடந்தது? என்னிடம் படித்து மேல்நிலைப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பெரும்பாலானவர்கள் போஸைத் திறந்ததே இல்லை. "அது என்னமோ வேற மாதிரி இருக்கு டீச்சர்" என்று அழித்துவிட்டுப் படம் ஏற்றி வைத்திருந்தார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. புதுப்பிக்க இணையமும் இல்லை. கொடுத்த அன்றைக்கு என்ன இருந்ததோ அதோடு நின்றது. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கே அப்போது ஒன்றும் தெரியாது. 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியபோது, அதையொட்டித் தமிழக அரசு தன் துறைகளுக்கு போஸ் லினக்ஸைச் சிபாரிசு செய்தது. ஓட்டை அடைக்க ஆள் இல்லாத வீட்டில் குடியிருக்க வேண்டாம் என்று.

ஓட்டை என்று சொன்னேன் அல்லவா? இந்தச் சின்னப் பெட்டிகளுக்கும் அது பொருந்தும். ராஸ்பெர்ரி பையில் தொடக்கத்திலிருந்தே பயனர் பெயர் 'பை', கடவுச்சொல் 'ராஸ்பெர்ரி'. ஊருக்கெல்லாம் தெரிந்த சாவி. 2017இல் அந்தச் சாவியை மாற்றாத பெட்டிகளுக்குள் புகுந்து, அவற்றை வைத்து மின்னணுப் பணம் தோண்டுகிற ஒரு தீநிரல் வெளிப்பட்டது. 2022 ஏப்ரலில்தான் அந்தப் பொதுச் சாவியை எடுத்தார்கள். புதுப்பிக்காத பெட்டியில் இன்றும் அது தொங்கிக்கொண்டுதான் இருக்கும்.

சரி, நம் பெட்டிக்கு வருகிறேன்.

2019 தீபாவளிக்குச் சென்னையிலிருந்து வந்த பழைய மாணவன் ஒருவன் ராஸ்பெர்ரி பை 3 வகைப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். கிவிக்ஸ் என்ற மென்பொருள் மூலம் தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாக அதில் ஏற்றியிருந்தான். இணையமே வேண்டாம். பெட்டியே ஒரு வைஃபை அலையை விடும். திண்ணையில் உட்கார்ந்து பிள்ளைகள் போனிலோ, அக்கா அண்ணன்மாரின் பழைய அரசு மடிக்கணினியிலோ படிக்கலாம். சாயங்காலமானால் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வருவார்கள். ஊரடங்கு நாட்களில் பள்ளி மூடிக் கிடந்தபோது அவர்களில் சிலருக்கு அதுதான் பள்ளிக்கூடம்.

அதோடு அவன் இன்னொன்றும் சொன்னான். "டீச்சர், இதுல இடம் நெறைய இருக்கு. ஊர்ப் பெரியவுக பேசுறத ரெக்கார்டு பண்ணச் சொல்லுங்க." 2020 பொங்கலை ஒட்டிப் பிள்ளைகள் கிளம்பினார்கள். போனில் பதிந்து கொண்டுவந்து பெட்டியில் போட்டார்கள். போனில் இடம் வேண்டும் என்று அங்கே அழித்துவிட்டார்கள். மொத்தம் 41 பதிவுகள். கம்மாயில் மடை திறக்கிற வேலை பார்த்தவர், கிணறு வெட்டியவர், மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தவர், அருப்புக்கோட்டைத் தறிக்காரர் வீட்டு அம்மாக்கள். திருப்பூர்ப் பிள்ளையின் அப்பத்தா 27 நிமிடம் பேசியிருந்தார். நான் முழுதாக இரண்டு தரம் கேட்டிருக்கிறேன். விடியற்காலையில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட்டு ஆற்றுவது, மழை தூறினால் தெருவே ஓடிவந்து பாவைச் சுருட்டுவது, குழித்தறியில் காலை விட்டு உட்கார்ந்தே மூன்று பிள்ளைகளைத் தூங்கவைத்தது. கடைசியில் ஒரு தாலாட்டும் பாடியிருந்தார்.

2022 ஜனவரி. விக்கிப்பீடியாவின் புதிய தொகுப்பை இறக்கிப் போட்டேன். பெட்டி திறக்க மறுத்தது. கோப்பைச் சுருக்கும் முறையே மாறியிருந்தது. பழைய கிவிக்ஸுக்கு அது புரியவில்லை. புதிய கிவிக்ஸ் வேண்டுமென்றால் இயங்குதளமும் புதிதாக வேண்டும்.

டெபியன் பதிப்புகளுக்கு டாய் ஸ்டோரி என்ற கார்ட்டூன் படத்துப் பாத்திரங்களின் பெயரை வைப்பார்கள். 2019 பதிப்பு பஸ்டர், அந்தப் படத்தில் வருகிற நாய்க்குட்டி. 2021 பதிப்பு புல்ஸ்ஐ, குதிரை. புதுப்பித்தலில் இரண்டு வகை உண்டு. ஒரே பதிப்புக்குள் ஓட்டை அடைப்பது ஒன்று. அதற்கு இரண்டு கட்டளை: ஆப்ட் அப்டேட் என்றால் கடையில் என்னென்ன புதிதாக வந்திருக்கிறது என்ற பட்டியலை மட்டும் வாங்கி வருவது, ஆப்ட் அப்கிரேடு என்றால் சரக்கையே கொண்டுவந்து மாற்றுவது. முதலாவதை மட்டும் செய்துவிட்டு "புதுப்பிச்சாச்சு" என்று நான் ஒரு வருடம் ஏமாந்திருக்கிறேன். இரண்டாவது வகை பதிப்பையே மாற்றுவது. நாய்க்குட்டியிலிருந்து குதிரைக்கு. ஒரு கோப்பில் பஸ்டர் என்ற சொல்லை அடித்துவிட்டுப் புல்ஸ்ஐ என்று எழுதி, கட்டளையைக் கொடுத்தால் நூற்றுக்கணக்கான பொதிகள் ஒவ்வொன்றாக மாறும். பெட்டியைச் செய்தவர்களே இப்படிச் செய்ய வேண்டாம், புது அட்டையில் புதிதாகப் போடுங்கள் என்றுதான் சொல்கிறார்கள். ஓடுகிற பஸ்ஸில் சக்கரம் மாற்றுகிற வேலை.

மாணவன் போனில் சொன்னான்: "டீச்சர், எதுவும் செய்றதுக்கு முன்னாடி கார்ட அப்படியே ஒரு நகல் எடுத்துருங்க. இன்னொரு கார்டு நானூறு ரூவாதான்." சரி என்றேன். அருப்புக்கோட்டை போகிறபோது வாங்க வேண்டும் என்று நோட்டிலும் எழுதினேன். அன்று சனிக்கிழமை. பிள்ளைகள் வந்து "டீச்சர், புது விக்கி எப்ப?" என்று கேட்டார்கள். முறைகளை எல்லாம் எழுதி வைத்திருந்தேன். படித்தவள் என்ற நினைப்பு. ஒரு சொல்லைத்தானே மாற்றுகிறோம் என்று போன் இணையத்தை இணைத்து, கட்டளையைக் கொடுத்துவிட்டேன்.

ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பொதிகளைப் பிரித்துப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. ஒரே நிமிடம்தான், திரும்ப வந்துவிட்டது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அட்டையைப் படிக்கும்போது சிமிட்டுகிற பச்சை விளக்கு வரவே இல்லை. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். "நாளைக்கு வாங்கடா" என்று அனுப்பிவிட்டேன்.

அட்டையைச் சென்னைக்கு அனுப்பினேன். அவன் இரண்டு வாரம் இரவெல்லாம் உட்கார்ந்து மீட்புக் கருவிகளை ஓட்டிப் பார்த்தான். 41இல் 13 கிடைத்தது. அதில் முழுதாக இருந்தவை ஆறு. மற்றவை அறுந்தவை.

உங்களுக்கெல்லாம் "பெட்டி பழுதாகிவிட்டது" என்று சொன்னேன். பெட்டி பழுதாகவில்லை. அதே பலகை இன்றும் ஓடுகிறது. நகல் எடுக்காமல் கைவைத்தது நான். மின்வாரியத்தையும் குறை சொல்லிப் பார்த்தேன், சில நாள் மனதுக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் கரண்ட் போகாத ஊரிலா நாம் இருக்கிறோம்?

அப்பத்தா பதிவில் மீந்தது இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. பாவு ஆற்றுகிற இடம். நடுவில் ஒரு பிள்ளை ஏதோ கேட்க, அவர் சிரித்துவிட்டு, "போதும்டி, இதுல என்ன இருக்கு" என்கிறார். அங்கே அறுந்துவிடுகிறது. தாலாட்டு இல்லை. மன்னித்துக்கொள் தாயி.

அதற்குப் பிறகு என்ன செய்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன், கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பதிவுகள் இயங்குதள அட்டையில் இருப்பதில்லை. தனிப் பென்டிரைவில் ஒன்று, மதுரையில் தங்கச்சி மகள் வீட்டு ஹார்ட் டிஸ்கில் ஒன்று, சென்னைப் பையனிடம் ஒன்று. 2023 கடைசியில் புக்வார்ம் என்ற அடுத்த பதிப்பு வந்தபோது புது அட்டை வாங்கி அதில் ஏற்றினேன். பழைய அட்டையைத் தேதி எழுதி மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தேன். நல்லவேளை. புக்வார்மில் வலையிணைப்பைக் கவனிக்கிற மென்பொருளையே மாற்றிவிட்டார்கள். என் பழைய அமைப்புக் கோப்பைச் சீந்தவே இல்லை, திண்ணையில் வைஃபை வரவில்லை. அமைப்புக் கோப்புகள் இருக்கும் அடைவும் இடம் மாறியிருந்தது. நான்கு நாள் பழைய அட்டையைச் செருகிப் பிள்ளைகளைப் படிக்கவிட்டுக்கொண்டே புதியதைச் சரிசெய்தேன். பிபிசி மைக்ரோ சில்லைப் பிடுங்கிச் செருகிய மாதிரிதான்.

2025 ஆகஸ்ட் 9 அன்று டெபியன் 13, டிரிக்ஸி என்று பெயர், வெளியானது. இந்தத் தடவை டயட்பை என்ற இளைத்த இயங்குதளத்தைப் போட்டிருக்கிறேன். டெபியன்தான், ஆனால் தேவையில்லாத சதையெல்லாம் கழித்தது. திரை, சுட்டி எதுவும் இல்லாமல் மூலையில் கிடந்து வேலை பார்க்கிற பெட்டிக்கு ஏற்றது. அது குறிப்பேடுகளை அட்டையில் எழுதாமல் நினைவகத்திலேயே வைத்துக்கொள்கிறது. அட்டைக்குத் தேய்மானம் குறைவு. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் அட்டை பாழாகிற வாய்ப்பும் குறைவு. இரண்டாவதுதான் எனக்கு வேண்டியது. கூடவே ஒரு சின்ன பேட்டரி மின்கலமும் வாங்கி மாட்டிவிட்டேன்.

ஒரு வேடிக்கையும் நடந்தது. இந்தப் பலகைக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது. இணையம் இருந்தால் நேரத்தைக் கேட்டுக்கொள்ளும். இல்லையென்றால் கடைசியாக அணைத்தபோது என்ன தேதியோ அதிலிருந்து எண்ணத் தொடங்கும். நம் பெட்டி மாதக்கணக்கில் இணையம் பார்க்காதது. புதுப்பிக்கப் போனால், அந்தப் பட்டியலின் தேதி எதிர்காலத்தில் இருக்கிறது, ஏற்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. பெட்டிக்கு இன்னும் ஜூன் மாதம். கையால் தேதியை மாற்றிய பிறகுதான் இறங்கிவந்தது.

தேதி என்றதும் இன்னொன்று. பழைய 32 பிட் லினக்ஸ் பெட்டிகள் 1970 ஜனவரி 1 முதல் எத்தனை விநாடி ஆயிற்று என்றுதான் நேரத்தை வைத்திருக்கின்றன. 2038 ஜனவரி 19 அன்று அந்த எண்ணிக்கை நிரம்பி, 1901க்குத் திரும்பிவிடும். டிரிக்ஸியில் 32 பிட் ஆர்ம் பெட்டிகளுக்கும் அதைச் சரிசெய்துவிட்டார்கள். இன்னும் பன்னிரண்டு வருடம் இருக்கிறதே என்று விடாமல் ஆயிரக்கணக்கான பொதிகளை இப்போதே மறுபடி உருவாக்கியிருக்கிறார்கள். அந்த ஆட்களின் முகம் ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

இப்போது வேண்டுகோள்.

திருப்பூர்ப் பிள்ளைக்கு: அந்த இரண்டு நிமிடம் நாற்பது விநாடியை இன்று காலை உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டேன். மிச்சத்தில் எனக்கு ஞாபகம் இருக்கிற அளவு அப்பத்தா சொன்னதை நோட்டில் எழுதியிருக்கிறேன், ஏழு பக்கம். ஊருக்கு வரும்போது வாங்கிக்கொள். தாலாட்டின் மெட்டு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கிறது. உன் சின்னத்தைக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், கேட்டுப் பார்.

மற்றவர்களுக்கு: 2020 பொங்கலுக்கு ஊரில் பதிவு செய்த பிள்ளைகள் யாராவது, பழைய போன், பழைய மெமரி கார்டு எதையாவது தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் சொல்லுங்கள். அழித்ததுகூடச் சில சமயம் மீள்கிறதாம், மேற்கொண்டு அதில் எதையும் எழுதாமல் இருந்தால். போனைப் போட்டு நோண்ட வேண்டாம், அணைத்து அப்படியே கொண்டுவாருங்கள். கிடைத்த 13 பதிவுகளின் பட்டியலைக் கருத்துப் பெட்டியில் போடுகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர் அதில் இருந்தால் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பென்டிரைவோடு வீட்டுக்கு வாருங்கள். ஐந்து மணிக்கு மேல் திண்ணையில்தான் இருப்பேன்.